பனிச்சரிவும் பழிச்சொல்லும்

திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் பிறந்தவள் நான். கோடையில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து நடக்கும், படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவமாகக் கிடப்பான், மாலையில் தீமிதியோடு எல்லாம் முடிந்துவிடும். அம்மன் கூந்தலை முடிந்துவிட்டாள், கதையும் முடிந்தது என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னும் கதை உண்டு என்பது, கல்லூரிக்கு வந்து மகாபாரதத்தை முழுதாகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்சியைத் துறந்து ஐவரும் அவளும் வடக்கே நடக்கிறார்கள். பின்னால் ஒரு நாய். இமயத்தைக் கடந்து போகும் வழியில் முதலில் விழுபவள் திரௌபதி. எந்த அறமும் தவறாதவள் ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். ஐவரில் அர்ச்சுனன்மேல் அவளுக்குக் கூடுதல் அன்பு, அதன் பலன் இது என்று சொல்லிவிட்டுத் தருமன் நடந்துகொண்டே இருக்கிறான். திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிகள் விழும்போதும் காரணம் சொல்கிறான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்கெல்லாம் அறிவுச் செருக்கு, அழகுச் செருக்கு, வீண் சூளுரை, பெருந்தீனி. அவளுக்கு மட்டும் மனசுக்குள் இருந்த அன்பே குற்றம். மலை விபத்து ஒன்றுக்கு எழுதப்பட்ட மிகப் பழைய விசாரணை அறிக்கை இதுதான் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். பையன்கள் யோசித்தார்கள்.

2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டில், உத்தரகாசி மாவட்டத்தில், மலையேற்றப் பயிற்சிக்குப் போன குழுவொன்று உச்சிக்குச் சற்றுக் கீழே பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட்டையும், அடுத்த பதினாறு நாளில் மகாலுவையும் ஏறிமுடித்திருந்தவர். உத்தரகாசிப் பக்கத்துச் சிற்றூர்க்காரப் பெண். அந்த மலையின் பெயர் திரௌபதி கா டாண்டா. திரௌபதியின் மலை.

அந்தப் பெயர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் மாதக்கணக்கில் பனிச்சரிவுகளைப் பற்றிப் படித்தேன். பனியையே பார்க்காத ஊர்க்காரிக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நம் மொழியில் பனி என்றால் புல்நுனித் துளியும் பனி, மார்கழி மூட்டமும் பனி, இமயத்தின் உறைந்த மலையும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் இரண்டு பருவத்தைப் பிரித்துவைத்தவர்கள், காலடியில் உடையும் பனிக்குத் தனிச்சொல் வைக்கவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்டது வேறொன்று. பனி சரிந்தபின் யார்மேல் பழி விழுகிறது என்று பார்க்க விரும்பினேன்.

1959இல் நேபாளம், திபெத் எல்லையில் உள்ள சோ ஓயூ மலைக்குப் பெண்கள் மட்டுமே உறுப்பினர்களாகக் கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று கிளம்பியது. 8,000 மீட்டரைத் தாண்டும் உச்சியைப் பெண்குழுவாக ஏறப்போனவர்களில் இவர்களே முதல்வர். பன்னிரண்டு பேர். பிரான்ஸ், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் என்று பல நாட்டவர். டென்சிங் நோர்கேயின் மகள்கள் பெம் பெம், நீமா, உறவுப்பெண் தோமா ஆகியோரும் இருந்தார்கள். தலைவி க்ளோத் கோகான்.

கோகானைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான உயரம். பிரான்சின் நீஸ் நகரத்தில் நீச்சலுடை வடிவமைத்துத் தைத்து விற்கும் தொழில். கணவர் ஜார்ஜும் மலையேறுபவர், 1951இல் இறந்துபோனார். கணவர் போனபின் மனைவி மலையை விட்டுவிடுவாள் என்றுதான் சுற்றியிருந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் 1953இல் காஷ்மீரத்து நுன் சிகரத்தை, 7,135 மீட்டர், பியேர் வித்தோஸுடன் முதன்முதலாக ஏறினார். 1954இல் சோ ஓயூவில் ரேமோன் லாம்பேருடன் 7,700 மீட்டர் அளவுக்குப் போய், காற்றும் குளிரும் தாங்காமல் திரும்பினார். 1955இல் கணேஷ் ஹிமாலின் முதல் ஏற்றத்தில் இருந்தார். லண்டனின் ஆல்பைன் கிளப்பில் பேச அழைக்கப்பட்ட முதல் பெண் இவர் என்கிறார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத சங்கம் அது. வந்து பேசலாம், உறுப்பினர் ஆக முடியாது. 1970களின் நடுவில்தான் அந்தக் கதவு திறந்தது.

சோ ஓயூ அவர் விட்டுவந்த மலை. ஐந்தாண்டு கழித்து அதற்குத் திரும்பினார். மழைக்காலம் முடியும் தறுவாய், மேலே புதுப்பனி நிறைய. அக்டோபர் தொடக்கத்தில் 7,000 மீட்டருக்கு மேல் இருந்த நான்காம் முகாமில் கோகானும், பெல்ஜியத்து க்ளோதீன் வான் டெர் ஸ்ட்ராட்டனும், ஷெர்ப்பா அங் நோர்புவும் தங்கியிருந்தார்கள். வானிலை கெட்டது. அவர்களைக் கீழே கூட்டிவரக் கீழ்முகாமிலிருந்து இரண்டு ஷெர்ப்பாக்கள் ஏறினார்கள். வழியில் ஒரு பனிச்சரிவு அவர்களை அடித்துப்போனது. ஒருவர் தோண்டிக்கொண்டு வெளியே வந்தார், சேவாங் வரவில்லை. மேல்முகாமையும் பனி விழுங்கியிருந்தது. நால்வர் இறந்தார்கள். பிரிட்டனின் டோரதியா கிராவினா பொறுப்பேற்று மற்றவர்களைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தார்.

அந்தப் பயணத்தைத் தொடர்ந்துசென்ற பிரிட்டிஷ் நிருபர் ஸ்டீபன் ஹார்ப்பர் 1965இல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘சீமாட்டிகளைக் கொல்லும் சிகரம்’. ஆங்கிலத்தில் அதே சொற்களுக்குப் பெண்களை மயக்கும் மன்மதன் என்றும் பொருள். செத்தவர்களை வைத்துச் சிலேடை! உபதலைப்பு இன்னும் மேல்: கொலைகார மலையில் பன்னிரண்டு பெண்களைப் பற்றி ஒற்றை ஆணின் கதை. ஒற்றை ஆண் என்றால் ஷெர்ப்பாக்களும் சுமைதூக்கிகளும் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கணக்கில் அவர்கள் ஆண்களே இல்லை.

இதே இமயத்தில் இதற்கு முன் ஆண்கள் பனியில் புதையவில்லையா? 1937 ஜூனில் நங்கா பர்பத்தில் ஒரே இரவில் ஏழு ஜெர்மானியர்களும் ஒன்பது ஷெர்ப்பாக்களும் கூடாரத்தோடு மூடிப்போனார்கள். ஆண்களுக்கு மலை ஒத்துவராது என்று யாரும் புத்தகம் போடவில்லை. 1922 ஜூன் 7 அன்று எவரெஸ்ட்டின் வடக்குக் கணவாய்ச் சரிவில், கனத்த புதுப்பனி விழுந்த சில நாளில், மல்லோரி பதினேழு பேரைக் கயிற்றில் கட்டி ஏற்றினார். சரிவு உடைந்தது. ஒன்பது சுமையாட்கள் பனிச்சுவருக்குக் கீழே தள்ளப்பட்டார்கள், இரண்டு பேரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். கண்டனம் எழாமல் இல்லை. ஆனால் அது அந்த நாளில் ஏறியது சரியா என்பதைப் பற்றியது. ஆண் என்பதைப் பற்றி அல்ல. இரண்டாண்டு கழித்து மல்லோரி மறுபடியும் அதே மலைக்குப் போனார்.

அன்று அந்தக் கயிற்றில் இருந்த இன்னொருவர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற மருத்துவர். இறந்தது முழுக்க உள்ளூர்க்காரர்கள், எங்களில் ஒருவர்கூட அந்த விதியைப் பங்கிட்டுக்கொள்ளவில்லையே என்ற உறுத்தலைப் பின்னாளில் எழுதினார். எவரெஸ்ட்டிலிருந்து இறங்கியவர் தெற்கே வந்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையிலேயே பல பத்தாண்டுகள் அறுவை மருத்துவராக இருந்துவிட்டார். அந்த ஊர்ப்பக்கம் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். ஒரு பனிச்சரிவுக்கும் அந்தச் சாலைக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு என்று நினைத்ததே இல்லை.

கோகானைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. மல்லோரியிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும். புதுப்பனி அவ்வளவு விழுந்திருக்கையில் அந்தச் சரிவில் முகாம் போட்டது சரியா? தான் பாதியில் விட்டுவந்த மலை என்ற பிடிவாதம் கணிப்பை மறைத்ததா? மீட்கப்போன சேவாங்கின் உயிருக்கு யார் பொறுப்பு? ஐரோப்பியப் பெண்கள் ஆண்களோடு சமத்துவம் கேட்ட அதே மலையில், கூலிக்கு ஏறியவருக்கும் அவர்களுக்கும் நடுவில் சமத்துவம் இருக்கவில்லை. நம் பெண்ணிய வரலாறுகள் கோகானின் பெயரை எழுதிவிட்டு, ‘இரண்டு ஷெர்ப்பாக்களும்’ என்று முடித்துவிடுகின்றன. அங் நோர்பு, சேவாங். இரண்டு பெயரை எழுத எவ்வளவு மை செலவாகும்?

குளிர்காலப் பனிமலையில் பெண்கள் நடமாடியது 1959இல் புதிதாகத் தொடங்கியதும் அல்ல. ஆல்ப்ஸின் உயர்ந்த உச்சியான மோன் பிளாங்கை நடுக்குளிரில் முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர் இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்ற ஆங்கிலேயப் பெண். 1876 ஜனவரி 31. வழியில் விரல்கள் விறைத்துப்போக, தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு தொடர்ந்தார். வழிகாட்டியாக வந்த ழான் ஷார்லேயைப் பின்னர் மணந்துகொண்டார், வர்க்கம் பார்க்கவில்லை. எலிசபெத் லெ பிளாண்ட் 1880களில் குளிர்கால ஆல்ப்ஸில் ஏறித் திரிந்து அதைப் பற்றி 1883இலேயே நூல் எழுதினார். ஊர் எல்லைவரை பாவாடை, ஊர் மறைந்ததும் கழற்றிவிட்டுக் கால்சட்டை, திரும்பும்போது மறுபடி பாவாடை. பனியில் நனைந்து கனக்கும் பாவாடை சரிவில் எமன் என்பது அவருக்குத் தெரியும். ஊரின் கண்ணும் எமன்தான் என்பதும் தெரியும். 1907இல் தொடங்கிய பெண்கள் ஆல்பைன் கிளப்பின் முதல் தலைவர் அவரே.

அந்தக் காலத்தில் பனிச்சரிவு என்பது விதி, கடவுள் செயல். மலைவாசிகளுக்கு அனுபவ அறிவு இருந்தது. எந்தச் சரிவு எந்தக் காற்றுக்குப் பின் இறங்கும், வீட்டை எங்கே கட்டக்கூடாது, எந்தக் காட்டை வெட்டக்கூடாது என்பதெல்லாம். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரிய மக்களின் இந்த அறிவை 2018இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. பனியை அளந்து பார்க்கும் அறிவியல் பிந்தியது. 1936இல் டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் ஒரு மரக்குடிலில் சுவிஸ் ஆய்வாளர்கள் உட்கார்ந்து பனியை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டதைச் சமையலறை வழியாகச் சொல்கிறேன். பனி ஒரே மாதிரி விழுவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. சில அடுக்குகள் குளிரில் ஈரம் இழந்து, ஒட்டாத சர்க்கரைப் பொடிபோல ஆகிவிடும். அதன்மேல் காற்று அடித்துக் கொண்டுவந்து சேர்த்த பனி பலகைபோல இறுகும். முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்து, முறத்தைச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்தால் ஒன்றும் ஆகாது. இன்னும் சாய்த்தால் பலகை முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். மலையில் அந்தச் சாய்வு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேராமல் அடிக்கடி உதிர்ந்துவிடும். நடுத்தரச் சாய்வுதான் ஆபத்து, நடப்பதற்கும் சறுக்குவதற்கும் அதுதான் அழகாகவும் இருக்கும். உயிரைப் பறிக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை தானாக விழுவதில்லை. மாட்டிக்கொண்டவரோ கூட வந்தவரோ வைத்த காலடிதான் பலகையை உடைக்கிறது.

மலை முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கியிருக்கும். கால்வைத்ததும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ‘வும்ப்’ என்று ஓர் அமுங்கல் ஓசை கேட்கும். காலடியிலிருந்து கீறல் ஓடும். பெருங்காற்றுக்கோ கனத்த பொழிவுக்கோ அடுத்த நாள், திடீரென வெயில் ஏறிய நாள். இதில் ஒன்று போதும், திரும்பிவிட வேண்டும். சரிவைக் கடந்தே ஆகவேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கடக்கும்வரை மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்தபடி கடக்க வேண்டும். பனி வந்து குவியும் ஓடைப்பள்ளங்களில் நிற்கவே கூடாது. மூவரும் கொண்டுபோக வேண்டியவை மூன்று: 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வெட்டி. மூவரும் என்று சொல்வதற்குக் காரணம், உங்கள் கருவி உங்களைத் தோண்டி எடுக்காது. கூட வந்தவளின் கையில் இருப்பதுதான் எடுக்கும். 1994இல் வெளியான சுவிஸ் தரவுகளின்படி, முழுதாகப் புதைந்தவர்களைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர். ஹெலிகாப்டர் வருவதற்குள் முடிந்துவிடும் கணக்கு இது.

இந்த அறிவை வளர்த்தவர்களில் பெண்கள் உண்டு. அமெரிக்காவில் சூ ஃபெர்குசன் மாணவியாக இருந்தபோதே 1982இல் பனிச்சரிவுக்கென்று ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அலாஸ்காவில் ஜில் ஃப்ரெட்ஸ்டன் பல ஆண்டுகள் மீட்புப் பணியில் உடல்களைத் தோண்டி எடுத்தவர், பயிற்சி கொடுத்தவர், கைநூல் எழுதியவர்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது இயான் மெக்காமன் 2004இல் வெளியிட்ட ஆய்வு. 715 விபத்துகளை எடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்களும், எச்சரிக்கை அறிந்தவர்களும் ஏன் சாகிறார்கள் என்பது கேள்வி. பனியைப் பற்றிய அறியாமையைவிட மனித மனத்தின் குறுக்குவழிகளே காரணம் என்றார். பழகிய இடம்தானே என்ற நினைப்பு. கிளம்பிவிட்டோம், முடிக்காமல் எப்படி என்ற பிடிவாதம். தலைவருக்குத் தெரியாததா என்ற பணிவு. வேறு யாரும் போகுமுன் போக வேண்டும் என்ற ஆசை. அவர்களே போகிறார்களே என்ற துணிச்சல். பட்டியலில் இன்னொன்று: பிறர் மெச்ச வேண்டும் என்பது. பெண்கள் உடனிருந்த குழுக்களில் ஆண்கள் கூடுதல் ஆபத்துக்குள் போனார்கள் என்று அவர் இதற்குச் சான்று காட்டினார்.

இதைப் படித்ததும் எனக்குத் தருமன் நினைவு வந்தது. பெண் இருந்ததால் சரிவு! ஆய்வாளர் அப்படிச் சொல்லவில்லை, சொல்லமாட்டார். வீம்புக்கு ஆடுவது ஆண் என்பது தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் ஆபத்துக்கான அறிகுறிகளின் பட்டியலில், கீறல், காற்று, வெயில் வரிசையில், ‘குழுவில் பெண்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்தப் பெண் அங்கே என்ன சொன்னாள் என்பது தரவில் இல்லை. திரும்பிவிடலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி என்று சிரித்திருக்கலாம். சொல்லாமலே வாயை மூடிக்கொண்டிருக்கலாம், நம்மால் ஏன் எல்லோருடைய நாளும் கெட வேண்டும் என்று. அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பனியில் அல்ல, துறைக் கூட்டங்களில். இன்றைய பயிற்சிகளில் ஒரு விதி சொல்லித்தருகிறார்கள்: குழுவில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் அந்தச் சரிவு வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதுவதற்கு எளிய விதி. ஒரு பெண் அதைச் சொல்லி, அதற்குப் பிறகும் அடுத்த பயணத்துக்கு அழைக்கப்படுவது எளிதல்ல.

சவிதாவுக்குத் திரும்புகிறேன். திரௌபதி கா டாண்டா ஆண்டுக்கணக்காகப் பயிற்சிக்குப் பயன்பட்ட மலை. பழகிய மலை. அன்று காலை அங்கே யார் என்ன நினைத்தார்கள் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. அந்த ஆண்டின் டென்சிங் நோர்கே விருது இறந்த பின் அவருக்கு அறிவிக்கப்பட்டது. இரங்கல் செய்திகளில் அவரை மலையின் மகள் என்றார்கள். மகள் என்பதைவிடப் பயிற்றுநர் என்று எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, வேலையில் இருக்கும்போது இறந்தவர் அவர்.

சோ ஓயூவை ஒரு பெண் எட்டியது 1984 மே மாதத்தில். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த வேரா கோமர்கோவாவும் டீனா ஷ்டெர்போவாவும், இரண்டு ஷெர்ப்பாக்களுடன். கோகான் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது.

மலைக்குப் போனவர்களின் கதையிலேயே நின்றுவிட்டால், போகாமல் வீட்டில் இருந்தவர்கள் விடுபட்டுவிடுகிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில், மேற்குத் தோளிலிருந்து உடைந்து விழுந்த பனிக்கட்டிகள் பதினாறு நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றன. அவர்களில் ஒருவரின் மனைவி நீமா தோமா ஷெர்ப்பா. அதற்கு முந்தைய ஆண்டு அதே மலையில் கணவரை இழந்தவர் ஃபுர்திகி ஷெர்ப்பா. கைம்பெண் என்றால் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகம் அங்கேயும் உண்டு. இருவரும் பயிற்சி எடுத்து, பணம் திரட்டி, 2019 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அதற்கு அவர்கள் அந்தப் பனியருவியைக் கடந்துதான் போக வேண்டும். பொதுவாக இருட்டிலேயே கிளம்பிக் கடப்பார்கள், வெயில் பட்டுப் பனிக்கட்டிகள் நெகிழுமுன். நீமா தோமாவின் கணவர் நடந்த பாதை மேற்குத் தோளுக்கு அருகில் போனது. விபத்துக்கு அடுத்த ஆண்டு அதை நடுப்பக்கமாக மாற்றினார்கள்.